இசட் புள்ளிக்குப் பிறகு என்ன?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான படம் வரும். மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பிள்ளை நடுவில், இரு பக்கமும் பெற்றோர், பின்னால் அதிபர். சில மாதங்களில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளி வருகிறது. மருத்துவத்துக்கு யார் கொழும்பு, யார் ராகம, யார் யாழ்ப்பாணம், யார் மட்டக்களப்பு என்பது தெரிந்துவிடுகிறது. அத்துடன் நமது அக்கறையும் முடிந்துவிடுகிறது. பீடத்துக்குள் போன அந்தப் பிள்ளை அங்கே சேர்ந்துகொண்டதா, ஒதுங்கிப் போனதா, வார்டில் நோயாளியுடன் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று நாம் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். மருத்துவம், தாதியியல், இயன்மருத்துவம், பேச்சு சிகிச்சை என்று எந்தச் சுகாதாரப் படிப்பை எடுத்தாலும், சிறுபான்மை மாணவர் அங்கே ஓரமாக நிற்க நேர்ந்தால் அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர் நோயாளி. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு வலி வந்தால் வாயில் வருவது தமிழ்.

வத்தளைக்காரருக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. கிளினிக் என்றாலும் ஒப்பரேஷன் என்றாலும் நம்மில் அநேகர் ஓடுவது ராகம கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலைக்கு. அங்கேதான் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் இருக்கிறது. 1980களில் தனியார் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, பெரும் மாணவர் போராட்டங்களைக் கண்டு, அரசு கையேற்ற பின் 1991இல் களனியின் பீடமாக மாறிய இடம் அது. அந்த வைத்தியசாலைக்கு ஹெந்தளைத் தமிழரும் வருகிறார்கள், மாபோலை முஸ்லிம்களும் வருகிறார்கள், வீட்டில் இன்னும் தமிழ் பேசும் நீர்கொழும்புக் கரையோர முதியவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் வரும் வெள்ளைக் கோட் மாணவர்களில் தமிழ் தெரிந்தவர் சிலரே. அந்தச் சிலரின் பாடு எப்படி இருக்கிறது என்பது நமக்கும் சம்பந்தப்பட்ட காரியம்.

கட்டிலோரத்தில் நடப்பது

மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆகவே மொழிச் சிக்கல் எதுவும் இருக்காது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது ஓரளவு சரி. உடற்கூற்றியலும் உயிர்இரசாயனமும் எல்லோருக்கும் ஒரே கஷ்டம்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் ஹற்றன் பிள்ளையும் குருநாகல் பிள்ளையும் ஆங்கிலத்தோடு ஒன்றுபோலத்தான் மல்லுக்கட்டுவார்கள். மூன்றாம் ஆண்டில் வார்டுக்குப் போகும்போது கதை மாறுகிறது.

நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். ராகமவில் அவர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். அதுவும் வீட்டுச் சிங்களம். மினுவாங்கொடையிலிருந்து வந்த பாட்டி நெஞ்சைத் தடவிக்கொண்டு "பப்புவ ஹிர வெனவா" என்பார், காலைக் காட்டி "ஹிரி வெட்டெனவா" என்பார். முன்னது நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது, பின்னது மரத்துப் போவது. பஸ்ஸிலும் கடையிலும் சமாளிக்கப் போதுமான சிங்களம் வைத்திருக்கும் கொழும்புத் தமிழ்ப் பிள்ளையே இங்கே திணறிப்போகும். பருத்தித்துறையிலோ மஸ்கெலியாவிலோ தமிழ்ச் சூழலில் வளர்ந்து, முதன்முறையாக ராகமவில் வந்து இறங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நெஞ்சு இறுகுகிறது என்று வரும் நோயாளியிடம், எப்போது தொடங்கியது, படியேறினால் கூடுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வந்தால்தான் இது இருதயமா, நுரையீரலா என்று பிடிபடத் தொடங்கும். ஒரு கேள்வியின் பதில் பிசகினால் நோய் கைநழுவிப் போகும்.

பிறகு பரீட்சை வருகிறது. 'லோங் கேஸ்' என்பது இறுதியாண்டு மாணவரின் பெரிய கண்டம். முன்பின் தெரியாத ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அவரிடம் முழு வரலாற்றையும் கேட்டு, உடலைப் பரிசோதித்து, பரீட்சகர்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் சொல்லி, அவர்களுடைய கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். இங்கே மொழிக்கென்று தனிப் புள்ளி கிடையாது. ஆனால் நோயாளி சொன்னதைத் திரும்பக் கேட்டு, தயங்கி, வேறு மாதிரிக் கேட்டு, நேரத்தைத் தொலைத்துவிட்டு வரும் மாணவிக்கு எல்லாப் புள்ளியிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். 'அறிவு போதாது' என்றுதான் அந்தக் குறை பதிவாகும்.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பக்கத்தில் நிற்கும் பெட்ச்மேட்டின் தயவில். இதையும் சொல்லத்தான் வேண்டும்: சிங்கள நண்பர்கள் பலர் தயங்காமல் உதவுகிறார்கள். வார்டில் கூட நின்று மொழிபெயர்த்து, விடுதியில் இரவிரவாக வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்து, பரீட்சைக்குத் தயாராக்கிவிட்ட நட்புகள் இந்த நாட்டில் ஏராளம். அந்த நட்புக்குத் தலைவணங்குவோம். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவரின் தேர்ச்சியை நண்பர் வாய்க்கும் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடலாமா? கூச்ச சுபாவமுள்ள, யாரோடும் சட்டென்று ஒட்டாத பிள்ளை என்ன செய்யும்?

குப்பி யாருக்கு?

பல்கலைக்கழகப் பேச்சில் 'குப்பி' என்றால் பரீட்சைக்கு முன் சீனியரோ கெட்டிக்கார பெட்ச்மேட்டோ நடத்தும் இலவசக் குழு வகுப்பு. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் அழகான வழக்கங்களில் அது ஒன்று. பழைய கேள்வித்தாளில் எது திரும்பத் திரும்ப வருகிறது, எந்தப் பேராசிரியருக்கு எந்த நோயில் பிரியம், வைவாவில் எதைச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் விரிவுரையில் கிடைக்காது. குப்பியில்தான் கிடைக்கும். குப்பியின் மொழி சிங்களம் என்றால், மொழி பிடிபடாத பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வரும். நாளடைவில் போகாமலே விட்டுவிடும். பெட்ச் வாட்ஸ்அப் குழுவில் விரிவுரை ரத்தான செய்தி சிங்களத்தில் வந்து, அது புரியாமல் வெறும் மண்டபத்தில் போய் நிற்பதும் இந்த வகைதான்.

இவை பெரிய கொடுமைகள் இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. இதனாலேயே யாரிடமும் முறையிடவும் முடியாது. முறைப்பாட்டுப் படிவத்தில் 'குப்பி புரியவில்லை' என்று எழுத இடம் கிடையாது. அந்நியம் என்பது பெரும்பாலும் இப்படிச் சில்லறையாகத்தான் சேர்கிறது.

தமிழ் மாணவர் தங்களுக்கென்று ஒரு குப்பி, ஒரு மேசை, ஒரு வட்டம் அமைத்துக்கொள்கிறார்கள். அது இயல்பு, அதில் ஆறுதலும் இருக்கிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். யாழ்ப்பாணப் பிள்ளை, கொழும்புப் பிள்ளை, மலையகப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று அங்கேயும் வரிசை பிரிகிறது. தோட்டத்துப் பிள்ளையின் பேச்சைக் கேலி செய்வது சிங்கள மாணவன் இல்லை, நம்மவன்தான். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்து முதலாமாண்டுத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையில் உயிரிழந்தபோது அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் தமிழ்ச் சீனியர்களே. அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மரணத்தோடு அதே விவாதத்தை நாடு மீண்டும் நடத்தியது. 'நம்ம பிள்ளைகளுக்குள் நடப்பது' என்று தமிழ்ச் சமூகம் இதை மூடி மறைக்கும் வரை, சேர்த்துக்கொள்ளல் பற்றி மற்றவரிடம் பேச நமக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது.

ராகமவில் ஒரு படிப்பு, நாடெங்கும் ஒரு குறை

ராகம பீடத்தில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு படிப்பு உண்டு: பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞானம். 1990களின் இறுதியில் டிப்ளோமாவாகத் தொடங்கிப் பிற்பாடு பட்டப்படிப்பானது. இலங்கையில் பேச்சு சிகிச்சையாளர்களைப் பல்கலைக்கழக மட்டத்தில் முதலில் உருவாக்கத் தொடங்கிய இடம் அதுதான்.

சத்திரசிகிச்சை நிபுணருக்கு நோயாளியின் மொழி தெரியாவிட்டாலும் குடல்வாலை வெட்டி எடுத்துவிடலாம். பேச்சு சிகிச்சையாளரால் அப்படி முடியாது. அவருடைய கருவியே மொழிதான்.

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை ஒன்றை அம்மா தூக்கிக்கொண்டு வருகிறார். பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும், இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா, 'ர'வும் 'ழ'வும் இந்த வயதுக்கு வரவேண்டியவைதானா என்று பார்க்க வேண்டும். வீட்டில் அம்மா எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குப் பழக்கவும் வேண்டும். சிங்களப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்த சோதனையைத் தமிழ்ப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை பிள்ளையைப் பற்றியதாக இராது. இதைவிடச் சிக்கல் பக்கவாதம் வந்து பேச்சிழந்த முதியவருடையது. அறுபது வருடம் தமிழில் வாழ்ந்தவருக்கு இழந்த பேச்சைத் தமிழில்தான் மீட்டுக் கொடுக்க முடியும்.

தமிழ் பேசும் பேச்சு சிகிச்சையாளருக்கு நீண்ட காலமாகத் தட்டுப்பாடு. வடக்கு, கிழக்கு, மலையகம் மட்டுமென்று நினைக்க வேண்டாம். கொழும்பிலும் கம்பஹாவிலும் இதே கதைதான். இந்த ஊரில் பிள்ளைக்குப் பேச்சு வராத தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். தமிழில் செய்யக்கூடிய ஒருவரைத் தேடி அலைவார்கள். இல்லையென்றால் 'வீட்டிலும் சிங்களமே பேசுங்கள், பிள்ளை குழம்பாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தமக்கே சரியாக வராத மொழியில் பிள்ளையுடன் அரைகுறையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இருமொழியால் பிள்ளையின் பேச்சு தாமதிக்காது என்பது இந்தத் துறை அறிந்த உண்மை. ஆனால் அதைத் தாய்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இப்படிப்பட்ட படிப்பில் ஒரு தமிழ் மாணவி ஒட்டமுடியாமல் இடையில் விட்டுப் போனால் நட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். அவர் முப்பது வருடம் சேவை செய்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பேசியிருக்கும்!

பயத்தின் பழைய கணக்கு

சிறுபான்மை மாணவர் வெறுங்கையோடு பீடத்துக்குள் வருவதில்லை. வீட்டின் நினைவுகளையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. அந்தத் தலைமுறை இன்று பேரப்பிள்ளை காணும் வயதில் இருந்தாலும் கதை வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது.

முஸ்லிம் மாணவரின் நினைவு இன்னும் பச்சை. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலை மருத்துவர் ஷாபி சிஹாப்தீன், சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற பிரசாரத்தின் நடுவே கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பின்னர் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, நாடு மருந்தில்லாமல் தவித்த 2022இல், அதை மருந்து வாங்குவதற்கென்று சுகாதார அமைச்சுக்கே கொடுத்தார். மருத்துவர்களுக்கிடையில் இதைவிடக் கண்ணியமான பதிலை நான் அண்மையில் கேள்விப்படவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் பிள்ளைகள் அதிலிருந்து என்ன படித்திருப்பார்கள்?

அடுத்து கொவிட். நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 வசந்தம் முதல் 2021 பெப்ரவரி வரை இங்கே கொவிட்டில் இறந்த எல்லோருடைய உடல்களும், முஸ்லிம்களுடையவை உட்பட, எரிக்கப்பட்டன. இருபது நாள் கைக்குழந்தையும் தப்பவில்லை. விஞ்ஞானத்தின் பெயரில் அது நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இடைப்பட்ட காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்த குடும்பங்களின் நம்பிக்கையை எந்த மன்னிப்பும் ஒரே நாளில் திருப்பித் தராது. அந்தக் குடும்பத்தின் மொழியும் மரணச் சடங்கும் தெரிந்த ஒரு வைத்தியரோ தாதியோ வார்டில் நின்றால் அது மெல்ல மெல்லத் திரும்பும்.

உடை விவகாரமும் இதோடு சேர்ந்ததே. 2024இல் திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவியர் 70 பேரின் உயர்தரப் பெறுபேறு, காது மறையும்படி முக்காடு போட்டிருந்தார்கள் என்ற காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. மருத்துவம் படிக்கக் கனவு காணும் பிள்ளைக்கு முதல் பாடமே இதுவென்றால், வார்டிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் என்ன சொல்வார்களோ என்ற பயம் கூடவே வரத்தான் செய்யும். தொற்றுத் தடுப்புக்கு முழங்கைக்குக் கீழ் கை வெறுமையாக இருக்க வேண்டும் என்பது நியாயமான மருத்துவ விதி. தலையை மறைக்கும் துணிக்கு அந்த விதியில் தடையில்லை. சுத்தமாக இருந்தால் போதும். இரண்டையும் பிரித்து எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீரும்.

வடக்கிலும் கிழக்கிலும் இதே கேள்வி

பாதிக் கதையோடு நிறுத்தினால் அது நேர்மையாகாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பீடங்களில் இன்று தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர் கணிசமாகப் படிக்கிறார்கள். மாத்தறைப் பிள்ளை யாழ் போதனா வைத்தியசாலை வார்டில் நிற்கிறது. நோயாளி அம்மா "ஒரே அந்தரமாக் கிடக்கு, தலையும் அம்முது" என்கிறார். சிங்களப் பிள்ளை முழிக்கிறது. ராகமவில் தமிழ்ப் பிள்ளைக்கு நடப்பது இங்கே அப்படியே தலைகீழாக நடக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் கேலி உண்டு, தனிமை உண்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும் ஏக்கம் உண்டு.

2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பதா இல்லையா என்று தொடங்கிய தகராறு அடிதடியாகி, சிங்கள மாணவர் ஊர் திரும்பினர். எந்தப் பக்கத்து நியாயத்தை நீங்கள் எடுத்தாலும், விருந்தாளியாக வந்த பிள்ளைகள் பெட்டி கட்டிப் போனது யாழ்ப்பாணத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை. அந்த மண்ணுக்கு அதைவிட நல்ல மரபு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, உள்ளூர் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வந்தவர் நோயாளியின் மொழியைக் கற்றுக்கொண்டார். யாழ்ப்பாணமும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

ஆக, ராகமவில் தமிழ் மாணவியின் குறையும் யாழ்ப்பாணத்தில் சிங்கள மாணவனின் குறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நோயாளியின் மொழியைப் படிப்பது மாணவரின் சொந்தப் பாடு என்று பீடங்கள் விட்டுவிட்டன. மொழி வகுப்பு நடக்கும் இடத்திலும் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. புள்ளி குறைந்தால் படிப்பு நிற்காது என்றால் மருத்துவ மாணவர் அதைத் திறந்தும் பார்க்கமாட்டார். அவருக்கு வேறு ஆயிரம் பக்கம் பாக்கி இருக்கும்.

வெளியே பார்த்தால்

வேல்ஸில் வெல்ஷ் மொழி பேசுவோர் 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர். இலங்கையில் தமிழ் பேசுவோரில் ஒன்பதில் ஒரு பங்குகூட வராது. அவர்கள் அநேகமாக எல்லோருக்கும் ஆங்கிலமும் தெரியும். அப்படியிருந்தும் 2012 முதல் அங்கே சுகாதார சேவையின் கொள்கை, நோயாளி கேட்கும் முன்பே வெல்ஷ் மொழிச் சேவையை முன்வைக்க வேண்டும் என்பது. 2011இல் தொடங்கிய வெல்ஷ் மொழித் தேசியக் கல்லூரி, மருத்துவ மாணவர் உட்படப் பலருக்குப் படிப்பின் ஒரு பகுதியை அந்த மொழியில் கற்க உதவித்தொகை கொடுக்கிறது. சிறுபான்மை மொழி தெரிந்த மாணவரைப் பீடம் அங்கே ஒரு வரவாகப் பார்க்கிறது. நமது பீடங்களில் அதே மாணவர் 'சிங்களம் போதாதவர்'.

இந்தியாவின் அனுபவம் எச்சரிக்கை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. விடுதியில் தொல்லை தாங்காமல் அவர்கள் ஒரே மாடிகளில் ஒதுங்கி வாழ்ந்ததையும், வாய்மொழித் தேர்வுகளில் பாகுபாடு நடப்பதாக அவர்கள் சொன்னதையும் அது பதிவு செய்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதம், மும்பையில் பழங்குடிச் சமூகத்து இளம் மருத்துவர் பாயல் தத்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சாதி சொல்லித் துன்புறுத்தியதாக மூத்த பெண் மருத்துவர் மூவர் மீது வழக்கு வந்தது. அறிக்கை அலமாரியில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்து, கட்டணத்தையும் தானே ஏற்றது. நல்ல காரியம், ஆனால் நமது மாவட்டக் கோட்டா போலவே அது வாசல்வரை கொண்டு வந்து விடுகிறது. உள்ளே கைபிடித்து நடத்துவது தனி வேலை.

செய்யக்கூடியவை

முதலாவதும் முக்கியமானதும் வார்டு மொழி. மருத்துவம், தாதியியல், துணை மருத்துவம் எல்லாவற்றிலும் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு மாணவரும் மற்ற மொழியில் நோயாளியிடம் வரலாறு கேட்கப் பழக வேண்டும். சிங்கள மாணவர் தமிழும், தமிழ் மாணவர் சிங்களமும். எந்தப் பீடம் என்ற வித்தியாசம் வேண்டாம். ஏனென்றால் ராகமவில் படித்தவர் நாளை கிளிநொச்சியில் நியமனம் பெறுவார். இலக்கணப் புத்தகம் தேவையில்லை. நெஞ்சுவலி, காய்ச்சல், கர்ப்பம், பிள்ளைப் பராமரிப்பு என்று ஒவ்வொரு அலகாக, உண்மையான பேச்சு வழக்கில், யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் சேர்த்து ஒலிப்பதிவுகளோடு தயாரிக்கலாம். யாழ்ப்பாணமும் ராகமவும் சேர்ந்து உட்கார்ந்தால் ஓராண்டில் முடியும் வேலை. கடைசியில் வாய்மொழிப் பரீட்சை வைத்து, சித்தியடையாமல் வார்டுக்குப் போக முடியாது என்றாக்க வேண்டும். இது புதிய சுமையும் இல்லை. புதிதாக அரச சேவையில் சேர்வோர் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அப்போதே சொன்னது. ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது கற்பிக்காமல், வேலைக்கு வந்த பின் கற்றுக்கொள் என்பதில் என்ன புத்தி?

மாணவரெல்லாம் அந்த நிலைக்கு வரும் வரை, 'லோங் கேஸ்' நோயாளியின் மொழியும் மாணவரின் மொழியும் பொருந்தாத இடத்தில் பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் ஒருவரைப் பீடமே தரட்டும். இல்லையேல் மேலதிக நேரம் கொடுக்கட்டும். எதைச் செய்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். பரீட்சகரின் மனநிலைக்கு விடக்கூடாது.

குப்பியைப் பீடம் கையிலெடுக்கக் கூடாது. எடுத்தால் அது செத்துவிடும். ஆனால் கலப்புக் குழுக்களில் ஆங்கிலத்தில் குப்பி நடத்தும் சீனியருக்கு ஒரு மண்டபமும் சான்றிதழும் கொடுக்கலாம். பீடத்தின் அறிவித்தல்கள் எல்லாம் பெட்ச் குழுவுக்கு மும்மொழியிலும் போகட்டும். ஒவ்வொரு பீடத்திலும் தமிழில் பேசக்கூடிய மாணவர் ஆலோசகர் ஒருவராவது இருக்கட்டும். மனம் உடைந்த பிள்ளை இரண்டாவது மொழியில் அழாது. பகிடிவதை முறைப்பாட்டை அதே பீடத்து விரிவுரையாளரிடம் கொடுக்கச் சொல்வது வீண். நாளை புள்ளி போடுபவரும் அவர்தானே.

பேச்சு சிகிச்சைக்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழ் மொழிமூல மாணவருக்கு இந்தப் படிப்பு இருப்பதே தெரியாது. வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பாடசாலைகளில் உயிரியல் பிரிவு ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் சொல்லலாம். பீடமோ, தமிழ் மாணவருக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா வைத்தியசாலைகளில் பயிற்சிக் காலத்தை ஒழுங்குசெய்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கான சோதனைகளைத் தயாரிக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். யார் உள்ளே வருகிறார்கள் என்ற புள்ளிவிபரத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள். யார் இடையில் விலகுகிறார், யார் மறுபடி பரீட்சை எழுதுகிறார் என்பதையும் பெயர் சொல்லாமல் மொழிமூலவாரியாக வெளியிடுங்கள். இலக்கம் கண்முன் வந்தால் இல்லாத குறை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. உண்மையிலேயே குறை இல்லையென்றால் என் வாயும் அடைபடும்.

நமக்கும் பங்குண்டு. ராகமவில் அறை தேடும் மலையகப் பிள்ளைக்கு வாடகையை ஏற்றிச் சொல்லும் வீட்டுக்காரரில் தமிழரும் உண்டு. ராகமவில் படித்து வெளியேறிய தமிழ், முஸ்லிம் வைத்தியர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் தனியார் கிளினிக் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு முதலாமாண்டு மாணவரைப் பொறுப்பெடுத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, வார்டுச் சிங்களம் நாலு வரி சொல்லிக் கொடுத்தால் பீடம் செய்யாததில் பாதி நடந்துவிடும். பிள்ளைகளை மருத்துவராக்க இலட்சக் கணக்கில் டியூஷனுக்குக் கொட்டும் பெற்றோர், எட்டாம் வகுப்பிலிருந்தே ஒழுங்கான சிங்கள வகுப்புக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம். அது யாருக்கும் அடிபணிவதாகாது.

மற்றதெல்லாம் பீடங்களின் கையில். வார்டு மொழியைக் கட்டாயப் பாடமாக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. பீடச் சபையில் ஒரு தீர்மானமும் மூதவையின் அங்கீகாரமும் போதும். ராகம பீடாதிபதியும் யாழ்ப்பாண பீடாதிபதியும் அடுத்த தொகுதி மாணவர் உள்ளே வரும் முன் அதைச் செய்யலாம்.